விடுபட்ட ஓர் இரண்டு: ஒரு பழைய லைட்டரின் வயதைக் கண்டறிந்த கதை

கடந்த பொங்கல் விடுமுறையில் கரக்பூரில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். அங்கே எண்பத்தாறு வயதுப் பாட்டி ஒருவர் தம் தந்தையின் நினைவாகப் பாதுகாத்துவரும் ஒரு பொருளைக் காட்டினார். பத்து நிமிடம் ஆராய்ந்துவிட்டு அதைப் ‘போலி’ என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற எனக்கு ஏழு வாரங்கள் ஆயின. இடையில் நான் கற்றதையே இங்கு எழுதுகிறேன். பொருள் சிறியது; ஒரு சிகரெட் லைட்டர். ஆயினும் சான்றுகளை எடைபோடும் நம் பழக்கத்தைப் பற்றி அது சொன்னது சிறியதன்று.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு, ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்தோர் செய்த பிழைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். அதன் பொருட்டே கொல்கத்தாவில் தங்கியிருக்கிறேன். என் வேலை பிழைகளோடுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இழைத்த தவற்றின் அளவு அப்போதுதான் விளங்கும்.

ஹவுராவிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணிநேரத் தொலைவில் உள்ளது கரக்பூர். பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் பணிமனையைச் சுற்றி வளர்ந்த ஊர். வேலை தேடித் தெற்கிலிருந்து வந்து குடியேறியவர்களில் தெலுங்கர் மிகுதி, தமிழரும் உண்டு. நான் சென்ற வீடு அத்தகைய தமிழ்க் குடும்பம் ஒன்றின் வீடு. நண்பனின் பாட்டி, நான் பழஞ்சுவடிகளைப் படிப்பவன் என்று கேள்விப்பட்டு, பீரோவிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்துவந்தார். அதனுள் ஒரு வெள்ளைத் துணி, துணிக்குள் லைட்டர்.

உயரம் ஏறக்குறைய 5.5 சென்டிமீட்டர். கீலில் திறக்கும் மூடி, உள்ளே திரி, கல், உரசும் சக்கரம், அவற்றைச் சூழ்ந்து துளையிட்ட காற்றுத்தடுப்பு. ஒருகாலத்தில் உறை முழுவதும் சொரசொரப்பான கறுப்பு வண்ணம் பூசப்பட்டிருந்ததற்கு மூலைகளில் அடையாளம் இருந்தது. மற்ற இடங்களில் பழுப்பேறிய உலோகம். மூடியின் மேல், ஆணியால் கீறியது போன்ற எழுத்துகளில் ‘முருகன் துணை’ என்றிருந்தது.

“எங்கப்பா பணிமனையில ஃபிட்டர். சண்டை நடந்தப்போ இங்க அமெரிக்கப் பட்டாளம் இருந்துச்சு தம்பி. அவங்கள்ல ஒருத்தனுக்கு அப்பா பெட்டிப் பூட்டைச் சரிபண்ணிக் கொடுத்தாராம். அவன் காசுக்குப் பதிலா இதைக் கொடுத்துட்டுப் போனானாம்” என்றார் பாட்டி.

நான் லைட்டரைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்க முத்திரையைப் படித்தேன். ஜிப்போ என்னும் பெயர், பிராட்ஃபோர்டு என்னும் ஊர்ப்பெயர், அமெரிக்காவில் செய்யப்பட்டது என்னும் அறிவிப்பு, காப்புரிமை எண் 203695. கைப்பேசியில் எண்ணைத் தேடினேன். அமெரிக்கக் காப்புரிமைகளில் அந்த எண் 1878ஆம் ஆண்டைச் சேர்ந்தது. எடிசனின் ஒலிப்பதிவுக் கருவிக்கு 200521 என்னும் எண் வழங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஜிப்போ நிறுவனமோ 1932இல் தோன்றியது. அதன் லைட்டருக்கு உரிய சரியான காப்புரிமை எண் 2032695. விண்ணப்பித்தது 1934 மே 17, வழங்கப்பட்டது 1936 மார்ச் 3. எனவே நிறுவனத்தின் சொந்த எண்ணையே சரியாகப் பொறிக்கத் தெரியாத எவரோ செய்த பொருள் இது என்று முடிவுகட்டினேன்.

“போலி மாதிரி தெரியுது பாட்டி. நம்பர் தப்பா இருக்கு” என்றேன்.

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ எங்கப்பா பொய்யா சொன்னார்?” என்று கேட்டுவிட்டு, துணியை மடித்துப் பெட்டியை மூடினார். நான் ஏதோ சமாதானம் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இப்போது நினைவில்லை. அந்தக் கேள்வி மட்டும் நினைவிலிருக்கிறது.

கொல்கத்தா திரும்பிய பின், ஏதோ உறுத்தலில் இந்த லைட்டர்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். எதிர்பார்த்ததைவிட நீண்ட வரலாறு அது. லைட்டர் தீக்குச்சிக்கு முந்தியது என்பதே எனக்கு வியப்பு. ஜெர்மானிய வேதியியலாளர் டோபரைனர் ஹைட்ரஜன் வாயுவையும் பிளாட்டினத்தையும் கொண்டு எரியும் விளக்கை 1823இல் செய்துவிட்டார். ஆங்கிலேயரான ஜான் வாக்கர் உரசினால் பற்றும் தீக்குச்சியை விற்கத் தொடங்கியது 1827இல். ஆனால் டோபரைனரின் கருவி மேசைமேல் வைக்கவேண்டிய கண்ணாடிக் குடுவை. சட்டைப்பையில் அடங்கும் லைட்டருக்கு வழிவகுத்தது, ஆஸ்திரிய வேதியியலாளர் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1903இல் காப்புரிமை பெற்ற உலோகக் கலவை. இரும்பும் சீரியமும் கலந்த அக்கலவையை உரசினால் தீப்பொறி தெறிக்கும். நாம் இன்று ‘லைட்டர் கல்’ என்று கடையில் கேட்டு வாங்குவது அதைத்தான். உண்மையில் அது கல்லன்று.

பென்சில்வேனியா மாநிலத்துப் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெய்ஸ்டெல், கையாளக் கடினமான ஓர் ஆஸ்திரிய லைட்டரைக் கண்டு, ஒரு கையால் திறந்து பற்றவைக்கக்கூடிய வடிவத்தை உருவாக்கினார். முதல் ஜிப்போ 1933இன் தொடக்கத்தில் வெளிவந்தது, விலை 1.95 டாலர். பழுதானால் இலவசமாகச் சரிசெய்து தரப்படும் என்னும் வாழ்நாள் உறுதியும் உடன் வந்தது. அமெரிக்கா இரண்டாம் உலகப்போரில் இறங்கியதும் நிறுவனம் பொதுமக்களுக்கான விற்பனையை நிறுத்தி, உற்பத்தி முழுவதையும் படையினருக்கே அனுப்பியது. பித்தளை போர்த் தளவாடங்களுக்குத் தேவைப்பட்டதால் உறைகள் எஃகில் செய்யப்பட்டன. எஃகு துருப்பிடிக்காமலிருக்கக் கறுப்பு வண்ணம் பூசிச் சூடேற்றினர். அப்போது வண்ணம் சுருங்கி நுண்ணிய வெடிப்புகளோடு சொரசொரப்பாகப் படிந்துவிடும்.

இந்த இடத்தில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். போரின் பிற்பகுதியில், அதாவது 1943 முதல் 1945 வரையான எஃகு உறைகளில், அடிப்பக்க முத்திரையில் காப்புரிமை எண் தவறாகவே பொறிக்கப்பட்டிருக்கிறது. 2032695 என்பதற்குப் பதிலாக 203695. நடுவிலுள்ள ‘2’ விடுபட்டுவிட்டது. தவறு தொழிற்சாலையுடையது, முத்திரை அச்சில் நேர்ந்த அந்த நழுவல் ஆயிரக்கணக்கான உறைகளில் பதிந்து போர்முனைகளுக்குச் சென்றது. போருக்குப் பின் எண் மீண்டும் சரியாக வந்தது.

நான் போலிக்கு அடையாளமாகக் கொண்ட அதே பிழை, அந்த உறையின் காலத்தை மூன்று ஆண்டு எல்லைக்குள் நிறுத்தும் சான்றாக இருந்தது. எண் சரியாக இருந்திருந்தால் அதை 1930களின் பிற்பாதியிலிருந்து 1950 வரை எங்கு வேண்டுமானாலும் வைத்திருக்கலாம்.

சுவடிப் பதிப்பைப் பயின்றவர்களுக்கு இது புதிய பாடமன்று. எனக்குப் புதிதாக இருந்திருக்கவே கூடாது. இரண்டு சுவடிகள் ஒரே சரியான பாடத்தைத் தருவதால் அவை உறவுடையவை என்று நாம் சொல்வதில்லை. சரியானதை இருவர் தனித்தனியே எழுத முடியும். ஆனால் தற்செயலாக நேர முடியாத ஒரே பிழையை இரண்டும் கொண்டிருந்தால், ஒன்று மற்றொன்றைப் பார்த்து எழுதப்பட்டிருக்க வேண்டும். அல்லது இரண்டுக்கும் ஒரே மூலம் இருந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் லாக்மன் பெயரால் நிலைபெற்ற பதிப்புமுறையின் அடித்தளம் இதுவே. தமிழில் உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த காலம் முதல், சுவடிகளை ஒப்புநோக்கிய ஒவ்வொருவரும் இந்தத் தர்க்கத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஓர் எழுத்து இருமுறை வரும் சொல்லில் ஒன்று நழுவுவது, படியெடுப்போரிடம் நாம் மிகுதியாகக் காணும் பிழைவகை. 2032695 என்னும் எண்ணிலும் ‘2’ இருமுறை வருகிறது, நழுவியது இரண்டாவது. என் ஆய்வேட்டின் இரண்டாம் இயல் முழுவதும் இவ்வகைப் பிழைகளைப் பற்றியதே. ஓலையில் கண்டால் குறித்துவைத்திருப்பேன். உலோகத்தில் கண்டபோது ‘போலி’ என்றேன்.

ஆயினும் ஒரு தவற்றைத் திருத்தும் அவசரத்தில் எதிர்த்திசையில் இன்னொன்றைச் செய்துவிடக் கூடாது. இந்தப் பிழை சேகரிப்பாளர்களிடையே இன்று பெயர்பெற்றது. பெயர்பெற்ற பிழையைப் போலி செய்பவனும் அறிவான். வேண்டுமென்றே பிழையோடு பொறிக்கவும் அவனால் முடியும். நிறுவனமே தன் பழைய மாதிரிகளின் நகல்களைச் செய்து விற்கிறது. எனவே ஒற்றைச் சான்றை நம்பாமல், ஒன்றையொன்று சாராத பல சான்றுகளைத் தேட வேண்டியிருந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் மீண்டும் கரக்பூர் சென்றேன். இம்முறை முன்கூட்டியே ஒரு பட்டியல் எழுதி எடுத்துச்சென்றேன்.

முதற்கேள்வி உலோகம். நண்பன் குளிர்சாதனப் பெட்டியிலிருந்த காந்தப் பொம்மையைக் கொண்டுவந்தான். உறையில் ஒட்டிக்கொண்டது. பித்தளையாயிருந்தால் ஒட்டாது. ஆனால் எஃகு மட்டும் போதாது. கொரியப் போரினால் மீண்டும் பித்தளைத் தட்டுப்பாடு வந்தபோது, 1950களின் தொடக்கத்திலும் எஃகு உறைகள் செய்யப்பட்டன. அவற்றில் இருப்பது 1950இல் வழங்கப்பட்ட அடுத்த காப்புரிமையின் எண்ணான 2517191. இதில் அது இல்லை.

இரண்டாவது, எழுத்துரு. நிறுவனப் பெயர் நேரான பெரிய எழுத்துகளில் இருந்தது. இன்று நாம் காணும் சாய்வான கையெழுத்து வடிவம் அடிப்பக்க முத்திரையில் இடம்பெற்றது 1950களின் நடுவில். எழுத்து வடிவத்தைக் கொண்டு காலம் கணிப்பது கல்வெட்டு படிப்போர் அன்றாடம் செய்வதே.

மூன்றாவது, கீல். இன்றைய லைட்டர்களின் கீல் ஐந்து உருளைகளால் ஆனது. போரின் பிற்பகுதியில் செய்யப்பட்டவற்றில் மூன்று. இதிலும் மூன்று.

நான்காவது, உட்கூடு. உறையிலிருந்து அதை மெல்ல இழுத்து, காற்றுத்தடுப்பின் துளைகளை எண்ணினேன். பக்கத்துக்கு 7, ஆக 14. போர்க்கால உட்கூடுகளின் எண்ணிக்கை அது. பின்னாளில் பக்கத்துக்கு 8 என்பது நிலைபெற்றது. இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. உட்கூடு தனியே கழன்று வரும் பொருள். ஒன்றின் உட்கூட்டை மற்றொன்றின் உறையில் பொருத்திவிடலாம். ஒரு சுவடிக்கட்டில் வேறொரு சுவடியின் ஏடுகள் கலந்திருப்பது போன்றதே இது. ஆகையால் உறையையும் உட்கூட்டையும் இரு தனிச் சாட்சிகளாகக் கொண்டு, தனித்தனியே காலம் கணித்து, பிறகே ஒப்பிட வேண்டும். இங்கு இரண்டும் ஒரே காலத்தைச் சொல்லின.

வண்ணம், உலோகம், எண், எழுத்துரு, கீல், துளைகள் ஆகிய ஆறும் போரின் கடைசி மூன்று ஆண்டுகளையே காட்டின.

இனி அடுத்த கேள்வி: பென்சில்வேனியாவில் படையினருக்கென்று செய்யப்பட்ட பொருள், வங்காளத்தின் ரயில்வே ஊர் ஒன்றில் ஃபிட்டர் ஒருவரின் வீட்டுக்கு எப்படி வந்திருக்கும்? இதற்கு விடை கரக்பூரின் சுற்றுப்புறத்திலேயே கிடக்கிறது. 1944இல் ஜப்பானிய இலக்குகளைத் தாக்க பி-29 ரகப் பெரும் குண்டுவீச்சு விமானங்களை அமெரிக்கா இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கரக்பூர், சாக்குலியா, பியார்டோபா, துத்குண்டி ஆகிய இடங்களில் அவற்றுக்கான ஓடுதளங்கள் அமைந்தன. இந்தியத் தொழிலாளர்கள், ஆணும் பெண்ணுமாக, கூடைகளில் மண்ணும் கல்லும் சுமந்து அவற்றை உருவாக்கினர்; 1943ஆம் ஆண்டின் பெரும்பஞ்சம் வங்காளத்தைச் சிதைத்திருந்த காலம் அது. அந்த விமானங்களின் முதல் போர்ப்பறப்பு 1944 ஜூன் 5 அன்று இங்கிருந்து பாங்காக்கை நோக்கி நிகழ்ந்தது. படைப்பிரிவின் தலைமையகம் ஹிஜ்லியில் இருந்தது. 1931இல் அரசியல் கைதிகள்மீது துப்பாக்கிச்சூடு நடந்த அதே ஹிஜ்லி தடுப்பு முகாம் வளாகம். 1951இல் இந்தியாவின் முதல் ஐஐடி தொடங்கப்பட்ட இடமும் அதுவே. இந்தப் பதிவைப் படிப்போரில் சிலர் அந்தக் கட்டடத்தின் நிழலில் தேநீர் அருந்தியிருப்பீர்கள்.

ஆக, 1943-45இல் செய்யப்பட்டு, அமெரிக்கப் படையினருக்கு மட்டுமே சென்ற ஒரு லைட்டர், அதே ஆண்டுகளில் அமெரிக்கப் படையினர் நிறைந்திருந்த ஊரில் இருக்கிறது. பாட்டியின் கதைக்கு இவை முழுவதும் பொருந்துகின்றன. ஆனால் பொருந்துவது வேறு, நிறுவுவது வேறு. கொல்கத்தாவின் பழம்பொருள் கடையில் பின்னாளில் வாங்கியிருந்தாலும் லைட்டர் இதே அடையாளங்களுடன்தான் இருக்கும். பூட்டைச் சரிசெய்த கதையை உலோகத்தால் சொல்ல முடியாது. அதற்குப் பாட்டியின் சொல்லும், பாட்டிக்கு அவர் தந்தை சொன்ன சொல்லும் மட்டுமே சான்று. வாய்மொழிச் சான்றுக்குரிய மதிப்பை அதற்குத் தர வேண்டும். கூட்டியும் தரக்கூடாது, குறைத்தும் தரக்கூடாது. முதல் முறை நான் செய்தது, எண்ணைப் பற்றி எழுந்த ஐயத்தைக் கொண்டு ஒரு மனிதரின் சொல்லைப் பொய்யாக்கியது. அந்த எண்ணுக்கும் அந்தச் சொல்லுக்கும் இடையில் எத்தனை படிகள் இருந்தன என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மூடியிலிருந்த ‘முருகன் துணை’யைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘துணை’யிலுள்ள ‘ணை’ பழைய வடிவில், முன்னே வளைந்து ஏறும் கொம்போடு கீறப்பட்டிருந்தது. 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம் அது. அதைக்கொண்டு, 1978க்கு முன்பே கீறியிருக்க வேண்டும் என்று முடிவு செய்வது மாணவர்கள் எளிதில் விழும் குழி. பழைய வடிவில் எழுதக் கற்றவர்கள் அரசாணை வந்த மறுநாள் தம் கையை மாற்றிக்கொள்ளவில்லை. பலர் இறுதிவரை அப்படியே எழுதினர். எழுத்து வடிவம் காட்டுவது, கீறியவர் எழுதக் கற்ற காலத்தை. கீறிய காலத்தை அது காட்டாது.

லைட்டரில் ஏன் முருகன் என்று கேட்டேன். “அப்பா பீடி சிகரெட் எதையும் தொட்டதில்லை தம்பி. சாயந்தரம் சாமி விளக்கு ஏத்த மட்டும்தான் இதை எடுப்பார்” என்றார் பாட்டி.

இவ்வகை லைட்டர்களில் பொறிக்கப்பட்ட சொற்களை நம்புவது பற்றி ஓர் எதிர்ப்பாடமும் உண்டு. வகுப்பில் பயன்படும் என்பதால் சேர்க்கிறேன். வியட்நாம் போரில் பங்கேற்ற அமெரிக்க வீரர்கள் தம் ஜிப்போக்களில் ஊர்ப்பெயர், பணியாற்றிய ஆண்டு, வேண்டுதல், வசை, வீட்டேக்கம் முதலியவற்றைத் தெருக்கடைகளில் கொடுத்துப் பொறித்துக்கொண்டனர். 1965 ஆகஸ்டில், காம் நே என்னும் சிற்றூரில் வீரர்கள் லைட்டர்களால் கூரைகளுக்குத் தீவைத்த காட்சியை மோர்லி சேஃபர் என்னும் செய்தியாளர் தொலைக்காட்சியில் காட்டிய பின், அந்தப் பொருள் போரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. போர் முடிந்து சுற்றுலாப் பயணிகள் வரத் தொடங்கியதும், ஹோ சி மின் நகரின் கடைகளில் உருக்கமான வாசகங்களோடு ‘போர்வீரரின் லைட்டர்’கள் குவிந்தன. மிகப் பெரும்பாலானவை புதிதாகச் செய்தவை.

அவற்றைப் பிரித்தறிய உதவுவது அடிப்பக்கத்திலுள்ள சிறு குறிகள். ஜிப்போ நிறுவனம் உற்பத்தி ஆண்டைக் குறிகளால் காட்டியது. 1966இல் பெயரின் இருபுறமும் நான்கு நான்காக எட்டு நேர்கோடுகள். ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து 1973இல் ஒரே கோடு. எனவே கோடுகளின் எண்ணிக்கையை 1974இலிருந்து கழித்தால் ஆண்டு கிடைக்கும். 1974 முதல் கோடுகள் சாய்ந்தன. மீண்டும் எட்டிலிருந்து கீழிறங்கும் கணக்கு. 1968 என்று வாசகம் பொறித்த ஒரு லைட்டரின் அடியில் சாய்கோடு இருந்தால், அந்த உறை அமெரிக்கப் படைகள் வியட்நாமை விட்டு வெளியேறிய 1973 மார்ச்சுக்குப் பின் செய்யப்பட்டது. மேலே எழுதியிருப்பது எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் பயனில்லை. இதன் மறுதலை செல்லாது என்பதையும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். அடியில் ஏழு நேர்கோடுகள், அதாவது 1967 என்றிருந்தால், உறை பழையது என்பது மட்டுமே தெளிவு. வாசகத்தை நேற்றுக்கூடப் பொறித்திருக்கலாம். கொடைச் செப்பேடுகளில் போலி உண்டு என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டயம் பழைய செம்பில் இருப்பதால் அதிலுள்ள எழுத்தும் பழையதாகிவிடாது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன். வியட்நாம் போலிகளில் வாசிப்பவர் எதிர்பார்ப்பதெல்லாம் சரியாக இருக்கிறது: ஊர், ஆண்டு, துயரம். கரக்பூர் லைட்டரில் வாசிப்பவர் எதிர்பார்க்காத எண் ஒன்று இருக்கிறது. நாம் எதிர்பார்ப்பதை ஒரு சான்று அப்படியே தரும்போது தளர்ந்துவிடுகிறோம். முரணாக ஏதேனும் தரும்போது விலக்கிவிடுகிறோம். சோதிக்க வேண்டிய இடம் முதலாவது. நின்று படிக்க வேண்டிய இடம் இரண்டாவது. நான் இரண்டாவதில் நிற்கவில்லை.

வீட்டில் இப்படியொரு பொருள் இருந்தால் மாணவர்கள் செய்யத்தக்கவை சில. எதையும் மெருகேற்றாதீர்கள், துருவையும் மிஞ்சிய வண்ணத்தையும் சுரண்டாதீர்கள். அவையும் சான்றுகள். உறையை எல்லாப் பக்கங்களிலும், அடிப்பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில், உட்கூட்டைத் தனியே படமெடுங்கள். எண்களை உள்ளது உள்ளபடி எழுதுங்கள், ‘திருத்தி’ எழுதாதீர்கள். காந்தம் வைத்துப் பாருங்கள், துளைகளை எண்ணுங்கள். பொருளை வைத்திருப்பவர் சொல்லும் கதையை, யார் யாரிடம் சொன்னது, எப்போது என்னும் விவரங்களோடு, நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும், முதலில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்புக்கு அவசரமில்லை. கதை சொல்பவருக்கு வயதாகிறது. அதில்தான் அவசரம் வேண்டும்.

அன்று மாலை, கண்டதையெல்லாம் பாட்டியிடம் சொன்னேன். எண் தவறியது தொழிற்சாலையில் என்றும், அந்தத் தவறே இது போர்க்காலத்தது என்பதைக் காட்டுகிறது என்றும் விளக்கினேன். அவர் துளைகளைத் தாமே ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

“அப்போ எங்கப்பா சொன்னது?”

“பூட்டு விஷயத்தை என்னால நிரூபிக்க முடியாது பாட்டி. ஆனா அவர் பொய் சொன்னார்னு நினைக்க ஒரு காரணமும் இல்லை. நான்தான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க.”

“அதை அன்னைக்கே கொஞ்சம் யோசிச்சுச் சொல்லியிருக்கலாமே தம்பி” என்றார். குரலில் கோபமில்லை. லைட்டரைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

அந்தப் பெட்டியில் இப்போது ஒரு தாளும் இருக்கிறது. பாட்டி கேட்டுக்கொண்டபடி, கண்டவற்றையெல்லாம் எழுதி, தேதியிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். எண்ணை 203695 என்றே எழுதினேன்.